ஜூலியட்டின் வீட்டையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரோமியோ ஜூலியட்டை வெறும் காதல் கதையாகவே பேசுவது வருத்தமாக இருக்கிறது. கல்லூரியில் இந்த நாடகத்தைப் பாடம் நடத்தியவள் நான். 14 வயது நிரம்பாத ஜூலியட்டுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள் செவிலி. தன் மகள் சூசனைப் பறிகொடுத்தவள். அம்மாவுக்கோ மகளிடம் தனியாகப் பேசக்கூடத் தயக்கம், வெளியே அனுப்பிய செவிலியைத் திரும்பக் கூப்பிடுகிறாள். மகளின் சம்மதமும் வேண்டும் என்று, அவளைப் பெண் கேட்டு வந்த பாரிஸ் பிரபுவிடம் சொன்ன அப்பாவே, மூன்றாம் அங்கத்தில், அந்தக் கல்யாணத்தை மறுத்தால் தெருவில் கிடந்து சாகச் சொல்கிறார். அம்மா கைகழுவுகிறாள். சரி, செவிலியாவது? அவளும் பாரிஸையே கட்டிக்கொள் என்கிறாள். குடும்பப் பகையைவிட இந்தக் காட்சிதான் ஜூலியட்டைக் கொன்றது என்பேன். பள்ளி மேடைகளில் பால்கனிக் காட்சியோடு நிறுத்தாமல் இதையும் நடிக்க வையுங்கள்.

ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியை, திருச்சி