இக்லூலிக் பெண்களின் படங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துருவப் பகுதித் திரைப்படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரை, 1922இல் வெளியான ‘நானூக் ஆஃப் த நார்த்’ படத்துக்கே முக்கால் பங்கு இடத்தைக் கொடுத்துவிட்டு, பின்னால் வந்தவற்றை இரண்டு பத்திகளில் கடந்துவிட்டது. அந்தப் பத்திகளில் ஒரு பெண் இயக்குநரின் பெயர்கூட இல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் அந்தப் படம் ஆவணப்பட வரலாற்றில் பெற்றிருக்கும் இடத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கி வைத்து வேட்டையாடிக்கொண்டிருந்த, வடதுருவப் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களிடம் ஈட்டியைக் கொடுத்து அவர் படம் பிடித்ததையும், பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று ஒரு பக்கம் திறந்தே கிடக்கும் வீட்டைக் கட்டவைத்ததையும் வாசகர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

கனடாவின் நுனாவுட் பகுதியில் உள்ள இக்லூலிக், தங்கள் மொழியான இனுக்டிடுட்டில் நிகழ்ச்சிகள் இல்லாத தொலைக்காட்சி எங்களுக்கு வேண்டாம் என்று 1975இலும் 1979இலும் வாக்களித்து மறுத்த ஊர். 1981இல் இனுயிட் மக்களுக்கென்றே ஒளிபரப்பு நிறுவனம் உருவான பிறகு, 1983இல்தான் அவ்வூர் இசைந்தது. அங்கேதான் 1991இல், கியூபெக்கிலிருந்து வந்த மரீ எலென் கூசினோவும் உள்ளூர்ப் பெண்களும் சேர்ந்து ‘அர்னாயிட்’ என்ற காணொளிக் குழுவைத் தொடங்கினார்கள். மேடலின் இவாலு, சூசன் அவிங்காக் போன்ற மூத்த பெண்கள் அதன் தூண்களாக இருந்தார்கள்.

அவர்கள் 1993இல் எடுத்த ‘குல்லிக்’ என்ற குறும்படத்தில் கதை என்று எதுவும் கிடையாது. கடல்நாய்க் கொழுப்பை எரிக்கும் கல்விளக்கைப் பனிவீட்டுக்குள் வைத்து ஏற்றுகிறார்கள், பாடுகிறார்கள், அவ்வளவுதான். பிறைவடிவக் கல்லின் விளிம்பு நெடுக உலர்ந்த பாசியையோ பஞ்சுப் புல்லையோ திரியாகப் பரப்பி, புகையாமல் எரியும்படி ஒரு குச்சியால் ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டிய விளக்கு அது. பனியை உருக்கிக் குடிநீராக்கியதும், நனைந்த காலணிகளை உலர்த்தியதும், வீட்டுக்கு வெப்பம் தந்ததும் அதுவே. வேட்டையையே வீரமாகக் காட்டிப் பழகிய வெளியூர்க் கேமராக்கள் போகிறபோக்கில் விட்டுவிட்ட இந்த வேலையைத் தம் படத்தின் நடுவில் வைக்க அப்பெண்களுக்கு எந்தக் கோட்பாடும் தேவைப்படவில்லை.

இக்குழுவின் முதல் முழுநீளக் கதைப்படம் ‘பிஃபோர் டுமாரோ’ (2008). டென்மார்க் எழுத்தாளர் யோர்ன் ரீலின் நாவலைத் தழுவிய இப்படம், அந்நியர்களோடு வந்த நோயில் சுற்றத்தையே இழந்த ஒரு பாட்டியும் பேரனும் தனித்து நிற்பதைச் சொல்கிறது. கூசினோவோடு சேர்ந்து இயக்கிய இவாலுவே பாட்டியாகவும் நடித்தார்; பேரனாக நடித்த சிறுவன் அவருடைய சொந்தப் பேரன். டொராண்டோ திரைப்பட விழாவில் சிறந்த கனடிய முதல் படத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது. மெதுவான படம்தான், பொறுமை வேண்டும். ஆனால் அந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையில் நடிப்பின் சாயலே இல்லை.

அடுத்த தலைமுறையில் அலீத்தியா அர்னாகுக் பாரில் இருக்கிறார். மதப் பரப்புநர்களின் காலத்தில் வழக்கொழிந்த பெண்களின் முகப் பச்சைக் கோலங்களைத் தேடிச் சென்று, தாமும் பச்சை குத்திக்கொண்டவர். கடல்நாய்த் தோல் வணிகத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் விதித்த தடையை எதிர்த்து ‘ஆங்ரி இனுக்’ (2016) படத்தை எடுத்தார். இனுயிட் மக்களுக்குத் தடையில் விலக்கு உண்டு என்று சட்டம் சொன்னாலும், சந்தையே சரிந்த பின் அந்த விலக்கு எதற்கு உதவும் என்பதே படத்தின் வாதம். விலங்குநல அமைப்புகள் மீது நல்லெண்ணம் கொண்ட என்னைப் போன்றவர்களுக்கு அது சங்கடமான படம். அதனாலேயே பார்க்க வேண்டியது.

துருவ சினிமாவைப் பற்றி மீண்டும் எழுதும்போது, கட்டுரையாளர் 1922இலிருந்து தொடங்காமல் 1991இலிருந்து தொடங்கட்டும். அதற்குத் தாங்கள் நான்கு பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருச்சி