எந்தப் பார்த்தசாரதி?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் நூல் அறிமுகப் பகுதியை விடாமல் படிப்பவன் நான். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்கம், விலை எல்லாவற்றையும் கட்டம் கட்டித் தருகிறீர்கள். அந்தக் கட்டத்தில் ஆசிரியர் பிறந்த வருடம் என்ற ஒரே ஒரு விவரம் சேர்க்கச் சொல்லித்தான் இந்தக் கடிதம்.

என் அக்காவுக்கு 78 வயது. கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறாள். கொஞ்ச நாளைக்குப் படிக்கக் கூடாது, யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். “பார்த்தசாரதி நாவல் ஏதாவது வாங்கிக் குடுடா, குறிஞ்சி மலர் மாதிரி” என்றாள். பக்கத்தில் இருந்த என் பேத்தி உடனே போனை எடுத்து, ஓர் இணையப் புத்தகக் கடையில் ‘பார்த்தசாரதி’ என்று போட்டுத் தேடி, விருது பெற்ற நாவலாகப் பார்த்து ஆர்டர் கொடுத்துவிட்டாள். மூன்றாம் நாள் பார்சல் வந்தது. பிரித்தால் ‘குருதிப்புனல்’. சரி, வந்ததே வந்தது என்று நானும் வாசிக்க ஆரம்பித்தேன். குறிஞ்சி மலரில் வரும் பூரணியும் அரவிந்தனும் மாதிரி யாராவது வருவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தவளுக்குக் கூலித் தகராறும் பண்ணையார் அடாவடியும் வந்தால் எப்படி இருக்கும்? இருபது பக்கம் பொறுத்தாள். “நிறுத்துடா. இது நா.பா. எழுத்தே இல்லையே” என்றாள்.

இல்லைதான். ‘குறிஞ்சி மலர்’ ‘தீபம்’ இதழ் நடத்திய நா. பார்த்தசாரதி எழுதியது. கீழ்வெண்மணியில் 1968இல் நடந்த படுகொலையை வைத்து ‘குருதிப்புனல்’ எழுதியவர் தில்லியில் பேராசிரியராக இருந்த இந்திரா பார்த்தசாரதி. நா.பா.வுக்கு ‘சமுதாய வீதி’க்காக 1971இல் சாகித்திய அகாதெமி விருது, இ.பா.வுக்குக் ‘குருதிப்புனலுக்காக’ 1977இல் அதே விருது. ‘விருது பெற்ற பார்த்தசாரதி நாவல்’ என்று பேத்தி தேடியதில் தப்பே இல்லை. அந்தத் தளத்தில் இருவரும் ஒரே பெயருக்குக் கீழே கிடந்தார்கள். கூடவே திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் தலபுராணம் ஒன்றும் இருந்ததாம். பெருமாளும் எழுத்தாளராகிவிட்டார்!

‘இனிஷியல் பார்த்து வாங்கியிருக்கலாமே’ என்று கேட்பீர்கள். இனிஷியலை நம்பினால் குழப்பம் இன்னும் கூடும். இந்திரா என்பது இ.பா.வின் மனைவி பெயர். அவரது சொந்தப் பெயர் ரங்கநாதன் பார்த்தசாரதி, அதாவது ஆர். பார்த்தசாரதி. ஆங்கிலத்தில் கவிதை எழுதியவரும், சிலப்பதிகாரத்தை ஆங்கிலமாக்கி 1993இல் வெளியிட்டவருமான இன்னோர் ஆர். பார்த்தசாரதி இருக்கிறார். அவர் ராஜகோபால் பார்த்தசாரதி. மனைவி பெயரை முன்னால் போட்டுக்கொண்டதால் நமக்கு ஒரு குழப்பம் குறைந்தது என்றே சொல்ல வேண்டும்.

எஸ். ராமகிருஷ்ணன் விஷயத்தில் அந்த வழியும் இல்லை. ‘சஞ்சாரம்’ நாவலுக்கு 2018இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர் ஒருவர். ‘க்ரியா’ பதிப்பகத்தை நடத்தி, 1992இல் தற்காலத் தமிழ் அகராதியைக் கொண்டுவந்து, 2020இல் காலமானவர் இன்னொருவர். கம்பனையும் மில்டனையும் ஒப்பிட்டு எழுதிய மார்க்சிய அறிஞரும் எஸ். ராமகிருஷ்ணன்தான். மூவருக்கும் அதே ‘எஸ்.’ ஆங்கில எழுத்தில் வரும் கோளாறு இது. ச, சி, சு, செ, ஸ்ரீ, ஷ எல்லாமே ஒரு ‘எஸ்’ஸில் அடங்கிவிடுகின்றன. தமிழில் போட்டிருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது.

ஒருவர் எழுதிய நூல்களுக்கே இந்தப் பாடு. ஒருவரைப் பற்றிய நூல் என்றால் கேட்கவே வேண்டாம். பேச்சுப் போட்டிக்காக ஔவையாரைப் பற்றிப் புத்தகம் தேடும் பிள்ளைக்கு, அதியமான் நெல்லிக்கனி கொடுத்த சங்க கால ஔவையும், பல நூற்றாண்டு கழித்து ஆத்திசூடி பாடிய ஔவையும் ஒரே பாட்டியாகத்தான் கிடைக்கிறார்கள். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் வைத்த சிலை எந்த ஔவைக்கு என்று யாரைக் கேட்பது? சங்கப் புலவர்கள் விஷயத்தில் பிறந்த வருடத்துக்கு எங்கே போவது, அதை விட்டுவிடுவோம். ஆனால் நேற்று வரை நம்மோடு இருந்தவர்களுக்கும் ஏன் இந்தக் கதி?

ஏதாவது ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, தலைப்புப் பக்கத்தைத் திருப்பி அதன் பின்பக்கம் பாருங்கள். தாள் எத்தனை கிலோ மேப்லித்தோ, அளவு டெமியா கிரவுனா, எழுத்து எத்தனை பாயிண்ட், கட்டு எப்படி, அச்சடித்த இடம் எந்தத் தெரு, எல்லாம் இருக்கும். எழுதியவர் பிறந்த வருடம் மட்டும் இருக்காது. தாளின் எடை எனக்கு எதற்கு? எடைக்குப் போடும் நாளில் வேண்டுமானால் உதவும்.

இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் முக்கியமாக நாம்தான். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், நூல்களைப் பட்டியலிடுவதற்கான விதிகளை 1934இல் இங்கிருந்துதான் வெளியிட்டார். ஒரே பெயரில் இருவர் இருந்தால் பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்துப் பிரித்துக் காட்டுவது நூலகர்களுக்குப் பழைய பாடம். (அவர் பெயரிலுள்ள ‘எஸ்’ சீர்காழியைக் குறிக்கும் ‘ஷியாளி’.) அந்தப் பாடம் நூலக அட்டையோடு நின்றுவிட்டது. பதிப்பகத்துக்கும் வரவில்லை, இணையக் கடைக்கும் வரவில்லை.

அதனால் கேட்கிறேன்: உங்கள் கட்டத்தில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் அவர் பிறந்த வருடத்தைப் போடுங்கள். நா. பார்த்தசாரதி, 1932. இந்திரா பார்த்தசாரதி, 1930. நாலே நாலு எண். விமர்சனத்துக்குப் புத்தகம் அனுப்பும்போது இந்த விவரத்தையும் கேட்டு வாங்கினால், பதிப்பகங்கள் தாமாகவே புத்தகத்திலும் அச்சிடத் தொடங்கும் என்பது என் கணக்கு.

புத்தகத்தைத் திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம் தந்திருந்தார்கள். ஆறாம் நாள் பேத்தி பெட்டியில் வைத்து டேப் ஒட்டும்போது அக்கா தடுத்துவிட்டாள். “இருக்கட்டும். அந்தப் பண்ணையார் என்ன ஆனான்னு தெரியணும். குறிஞ்சி மலர் அப்புறம் பாத்துக்கலாம்.” தினமும் சாயங்காலம் முப்பது பக்கம் வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மேற்கு மாம்பலம், சென்னை – 33.