கடன் தள்ளுபடியும் விசுவாசப் பிரமாணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை ஒன்று, கிறிஸ்தவத்தின் அன்பையும் ஈகையையும் மட்டும் வைத்துக்கொண்டு, படைப்பு, பாவம், மனுவுருவாதல் (கடவுளே மனிதராக வந்தது), உயிர்த்தெழுதல் முதலிய கோட்பாடுகளை வரலாற்று ஆய்வாளர்களிடம் ஒப்படைத்துவிடலாம் என்று கூறியிருந்தது. கட்டுரையாளரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவனும், ஞாயிறுதோறும் ஆலயத்தில் விசுவாசப் பிரமாணம் என்னும் நம்பிக்கை அறிக்கையைச் சொல்லி வருபவனுமாகிய எனக்கு அந்த யோசனை சரியாகப் படவில்லை. அந்தக் கோட்பாடுகளை எடுத்துவிட்டால் ஒரு கிறிஸ்தவர் உலகைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும்.

பாவத்திலிருந்து தொடங்குகிறேன், கட்டுரை மிகவும் கேலி செய்தது அதைத்தான். பணியில் சேர்ந்த புதிதில் நான் முடித்துக் கொடுத்த பேரேடு ஒன்றை மூத்தவர் ஒருவர் சிவப்புப் பென்சிலால் வரிவரியாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். "என்மேல் நம்பிக்கை இல்லையா, ஐயா?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். "நம்பிக்கை இல்லாமல் என்ன, தம்பி? என் கணக்கையும் நாளைக்கு ஒருவர் இப்படித்தான் பார்ப்பார்" என்றார். பக்கத்தின் கடைசியில் பென்சில் நின்றது. 5,860 என்று எழுத வேண்டிய இடத்தில் 8,560 என்று எழுதியிருந்தேன். வித்தியாசம் 2,700, ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது என்றால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்பது தொழிலில் பாலபாடம். ஆனால் கூட்டுத்தொகை இடித்தபோது தேடிப் பார்க்கச் சோம்பல்பட்டு, அந்த 2,700-ஐ, காரணம் தெரியாத தொகைகளைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டிருந்தேன். நான் ஒரு காசும் திருடவில்லை. ஆனால் நான் நம்பியிருந்த அளவுக்கு நேர்மையானவனாகவும் இல்லை.

கிறிஸ்தவம் பாவம் என்று சொல்வது ஏறத்தாழ இதைத்தான். அது கெட்டவர்களுக்கு மட்டும் உரிய குணமன்று. நல்லவன் என்று பெயரெடுத்தவனுக்குள்ளும் ஓர் அனாமத்துக் கணக்கு இருக்கிறது. இதை உண்மையாகவே நம்புகிறவர், தம்மைச் சரிபார்க்க வருபவரைப் பகைவராகப் பார்க்க மாட்டார். எந்தத் தலைவருக்கும், சபையின் ஆயருக்கும்கூட, கேள்வி கேட்க முடியாத அதிகாரத்தைத் தர மாட்டார். சபைகளே இதைப் பல முறை மறந்திருக்கின்றன என்பதையும் வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் பாவத்தை மட்டும் தனியே வைத்துக்கொண்டால் மனிதர்மேல் அவநம்பிக்கைதான் மிஞ்சும். வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம் பாவத்தைப் பேசுவதற்கு முன்பே தேவசாயலை, அதாவது மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டதை, பேசிவிடுகிறது. பண்டைய எகிப்திலும் மெசொப்பொத்தேமியாவிலும் அரசனே தெய்வத்தின் சாயல் எனப்பட்டான். ஆதியாகமம் அந்தப் பட்டத்தை ஆண், பெண் எல்லாருக்கும் கொடுத்துவிட்டது. 4-ஆம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி என்னும் ஆயர், அடிமைகளை வாங்குவோரைப் பார்த்து, கடவுளின் சாயலுக்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்று கேட்டார். மதிப்பீடு என் தொழில் என்பதாலோ என்னவோ, அந்தக் கேள்வியை என்னால் மறக்க முடிவதில்லை. சொத்துப் பட்டியலில் மனிதனைச் சேர்த்தால் எதிரே எந்தத் தொகையை எழுதினாலும் அது பொய்க்கணக்கு. அவர் கேட்டு ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்துத்தான், 1807-இல், பிரிட்டன் அடிமை வணிகத்தைச் சட்டத்தால் தடை செய்தது. தன் பேரரசின் பெரும்பகுதியில் அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் 1833-இல் வந்தது. அதற்காகப் போராடியவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். எதிர்த்து நின்று வேத வசனம் காட்டியவர்களும் கிறிஸ்தவர்களே. ஒரு கோட்பாட்டை வாயால் அறிக்கையிடுவதும் அதன் வழியாகப் பார்ப்பதும் வேறுவேறு என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, மன்னிப்பு. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் லூக்கா பாவம் என்று சொல்லும் இடத்தில் மத்தேயு கடன் என்கிறார். கணக்குப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: தள்ளுபடி செய்தால் கடன் காற்றில் மறைந்துவிடுவதில்லை, கடன் கொடுத்தவரின் ஏட்டில் அது நஷ்டமாக ஏறுகிறது. மன்னிப்பும் அப்படியே. எனக்குத் துரோகம் செய்த ஒருவரை மன்னிக்கும்போது, அவர் தர வேண்டியதை நான் சுமக்கிறேன். சிலுவையைக் கிறிஸ்தவர் இப்படித்தான் புரிந்துகொள்கிறார்: கடன் கொடுத்தவரே நஷ்டத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார்.

325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் எதற்காக அவ்வளவு வாதாடினார்கள் என்பது இங்கேதான் விளங்குகிறது. குமாரனாகிய கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்றார் ஆரியஸ் என்னும் குரு. பிதாவாகிய கடவுளோடு ஒரே தன்மை உடையவர் என்றது அந்த ஆயர்களின் சங்கம். பொழுதுபோகாதவர்களின் சொற்சண்டை என்று கட்டுரையாளர் இதை ஒதுக்கிவிட்டார். ஆனால் சிலுவையில் மரித்தவர் கடவுள் அல்லாத வேறொருவர் என்றால், ஒருவர் பட்ட கடனுக்குச் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளைப் பிடித்து வசூலித்ததாக ஆகும். அது அன்பும் அல்ல, நீதியும் அல்ல. கட்டுரையாளர் வைத்துக்கொள்ளச் சொல்கிற அன்பு, அவர் தள்ளிவிடச் சொல்கிற அந்தக் கோட்பாட்டின்மேல் நிற்கிறது.

இந்தப் பார்வை ஒரு காலத்தில் எவ்வளவு விசித்திரமாகத் தெரிந்தது என்பதற்கு ரோமிலேயே அடையாளம் உண்டு. பலத்தீன் குன்றில் 1857-இல் கண்டெடுக்கப்பட்ட சுவர்க் கிறுக்கல் ஒன்றில், கழுதைத் தலையோடு ஒருவர் சிலுவையில் தொங்குகிறார். கீழே ஒரு மனிதன் கையை உயர்த்தி நிற்கிறான். அலெக்சமேனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்று கோணல்மாணலான கிரேக்க எழுத்தில் நக்கல் வேறு. சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனையாக இருந்த காலம். அதில் அறையப்பட்டவரைக் கடவுள் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் தோற்றவனிடத்தில் கடவுளைக் கண்டவர்களுக்குத் தோற்றவர்களைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. கிரகோரியின் அண்ணன் பசிலியார் செசரியா நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் விடுதி கட்டியதை அந்தக் கண் மாற்றத்தின் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன்.

கிறிஸ்தவரல்லாதோரிடம் அன்பும் ஈகையும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. என்னைவிட ஈரமுள்ளவர்களை எல்லாச் சமயங்களிலும், சமயமே வேண்டாம் என்பவர்களிடமும் கண்டிருக்கிறேன். அவர்கள் அதற்கு வேறு காரணங்களைச் சொல்வார்கள், அவற்றைக் கேட்கவும் ஆசைதான். கிறிஸ்தவர் சொல்லும் காரணம் இது என்பதே என் வாதம்.

பழக்கதோஷத்தால் ஒரு திருத்தம். வேதாகமத்தில் எந்தெந்த நூல்கள் இடம்பெற வேண்டும் என்று நிசேயா சங்கமே முடிவு செய்ததாகக் கட்டுரையில் இருந்தது. பலரும் சொல்லிவரும் தவறு அது. அந்தச் சங்கம் வகுத்ததாக நமக்குக் கிடைத்துள்ள 20 விதிகளில் அப்படியொரு நூற்பட்டியல் இல்லை. அடுத்து வரும் இதழ் ஒன்றில் இதைக் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கையாளர் ஒருவர்