எல்லாமே ‘அலட்சியம்’ ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தாலும், சான்றிதழில் பெயர் பிழையாக அச்சானாலும், பட்டா மாறுதல் மனு மாதக்கணக்கில் மேசையிலேயே கிடந்தாலும் செய்தித் தலைப்பில் ‘அலட்சியம்’ என்ற ஒரே சொல்தான் வருகிறது. மூன்றும் ஒரே தவறு அல்ல.

லட்சியம் என்பதற்குக் குறிக்கோள் என்ற பொருள் மட்டுமல்ல, மதித்தல், பொருட்படுத்துதல் என்ற பொருளும் உண்டு. ‘யார் சொன்னாலும் லட்சியம் செய்யமாட்டான்’ என்கிறோமே, அதுதான். அதன் மறுப்பே அலட்சியம். ஆகவே தெரிந்தும் பொருட்படுத்தாதவருக்கே அது பொருந்தும். (‘மூட்டையை அலட்சியமாகத் தூக்கினான்’ என்று பாராட்டாகவும் வருவது தனி வழக்கு.)

ஐயம் வந்தால் ‘படுத்து’ சேர்த்துப் பாருங்கள். எச்சரிக்கையை அலட்சியப்படுத்தலாம், எதையும் ‘கவனக்குறைவுபடுத்த’ முடியாது. அலட்சியத்துக்குச் செயப்படுபொருள் வேண்டும். எதை அலட்சியப்படுத்தினார் என்பதற்குச் செய்தியில் விடை இல்லையென்றால் அச்சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

டீசலை மிச்சப்படுத்த இறக்கத்தில் நியூட்ரலில் வண்டியை விடுபவரை எடுத்துக்கொள்வோம். கியரில் இல்லாததால் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிப்பதில்லை. பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்கி, டிரம் சூடேறி, பிடிமானம் போகிறது. இது தெரிந்தே இறங்கினால் அலட்சியம்தான். பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதே தெரியாத நிலையில் ‘விபத்து’ என்று எழுதுவதே முறை. சான்றிதழில் ‘ழ’ ‘ள’ ஆனது கவனக்குறைவு. மனு கிடப்பது மெத்தனம். கடமையும் நேரமும் இருந்தும் அசையாதவருக்கு உரிய சொல் அது.

சட்டமும் இவற்றைக் கலப்பதில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவும், விளைவை எண்ணாத துணிச்சலையும் கவனமின்மையையும் தனித்தனியே சொல்கின்றன. உயிரிழப்பு நேர்ந்தால் முன்பு 2 ஆண்டு வரை இருந்த சிறைத்தண்டனை இப்போது 5 ஆண்டு வரை. இந்நிலையில் விசாரணை தொடங்கும் முன்பே ‘ஓட்டுநரின் அலட்சியம்’ என்று அச்சிடுவது, தெரிந்தே செய்தார் என்று நாமே தீர்ப்பு எழுதுவதாகும். அந்தக் குடும்பமும் மறுநாள் அதைப் படிக்கிறது.

திருக்குறளின் 54ஆம் அதிகாரம் ‘பொச்சாவாமை’. மகிழ்ச்சி மிகுதியில் கடமையை மறந்து சோர்வதைத்தான் அங்கே பொச்சாப்பு என்கிறார் வள்ளுவர். அவமதிப்பு அதில் இல்லை. மறதிக்கென்றே தனிச்சொல் வைத்திருந்த மொழி இது.

அலட்சியம் ஆறெழுத்து, கவனக்குறைவு ஏழு, மெத்தனம் ஐந்து. தலைப்பின் இடத்துக்கும் இதனால் இடைஞ்சல் இல்லை.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
தருமபுரி.