பாத்தியைக் குறுக்கே போட்டால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

நுவரெலியா, வெலிமடைப் பக்கங்களில் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் பாத்திகள் பல இன்னும் மலைச்சரிவில் மேலிருந்து கீழாகத்தான் போடப்படுகின்றன. சரிவுக்குக் குறுக்கே போடச் சொன்னதைக் கேட்டுப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகியது. பெருமழையில் ஓரிடத்தில் கரை உடைந்து கீழ்ப்பாத்திகளையும் வாரிக்கொண்டு போனது. மறுபோகம் பழையபடியே. பிழை குறுக்கே போட்டதில் அல்ல, கண்ணளவில் மட்டம் பிடித்ததில்தான்.

மட்டம் பார்க்கும் சட்டம் ஒன்று செய்ய, இரண்டரை மீட்டர் மூங்கில் இரண்டை உச்சியில் கட்டி, கால்களை 240 சென்ரிமீட்டர் விரித்து, நடுவே குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். நிலத்தில் அறைந்த இரு முளைக்குச்சிகளின் மேல் கால்களை ஊன்றி நூல் தொடும் இடத்தைக் கம்பில் குறியுங்கள்; கால்களை மாற்றி ஊன்றி மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுதான் மட்டம். பிறகு ஒரு காலின் அடியில் 2 சென்ரிமீட்டர் கட்டை அறைந்து, அந்தக் காலை முன்னே வைத்து, நூல் நடுக்குறியில் நிற்குமாறு நடந்தால் 120க்கு 1 என்ற சரிவு கிடைக்கும். தண்ணீர் தேங்காது, ஓடி மண்ணையும் அரிக்காது.

கால்கள் பட்ட இடங்களை இணைக்கும் கோட்டில் 45 சென்ரிமீட்டர் ஆழத்துக்குக் கான் (வடிகால்) வெட்டும்போது, மூன்று நான்கு மீட்டருக்கு ஒரு தடுப்பை வெட்டாமல் விட வேண்டும். தடுப்பின் தலை கரையைவிட 15 சென்ரிமீட்டராவது தாழ்ந்திருக்கட்டும். சமமாக விட்டால் தண்ணீர் தடுப்பைத் தாண்டாது, கரையைத்தான் உடைக்கும். தடுப்புகளுக்கு இடையேயுள்ள குழிகளில் படியும் வண்டல்தான் நீங்கள் காசு கொடுத்துப் போட்ட உரம். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அதை அள்ளி மேற்பாத்தியில் போடுங்கள். அள்ளாத கான் அடுத்த மழையில் நிரம்பி வழியும்.

கானின் முடிவை எவரும் கவனிப்பதில்லை. அது கல் பதித்த ஓடையில் சேர வேண்டும். கீழேயுள்ள லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்சுவரிலோ பாதை ஓரத்திலோ விட்டால் மண்சரிவை நாமே வரவழைப்பதாகும்.

கீழ்க்கரையில் வெட்டிவேர்த் தூர்களை 10 முதல் 15 சென்ரிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கி நட வேண்டும். இடைவெளி விட்டால் தண்ணீர் அதன் வழியே புகுந்துவிடும். உறுதிப்பத்திரமுள்ள காணி இல்லாத தோட்டக் குடும்பங்கள் கல் கட்டுக்குச் செலவழிக்கத் தயங்குவது நியாயம்தான். வெட்டிவேர்ப் புல்லுக்குத் தேவை உழைப்பு மட்டுமே. வெலிமடை மண் உமா ஓயா வழியே ரந்தெம்பே நீர்த்தேக்கத்தில் போய்ப் படிவதால், இது அந்தக் குடும்பங்களின் பாடு மட்டுமல்ல.

கமநல சேவை நிலையங்கள் தூர்களை ஐப்பசி மழைக்கு முன்பே கொடுக்க வேண்டும். பெருமழையில் நட்ட தூர் வேர்பிடிக்குமுன் கரையோடு போய்விடும். விவசாயப் போதனாசிரியர்கள் இந்த மூங்கில் சட்டத்தைக் கட்டுவதைத் தோட்டத்திலேயே, தமிழில் செய்து காட்டட்டும்.

மரக்கறிச் செய்கையாளர்கள்,
கந்தப்பளை