பாப்பாவுக்கு வேணாம், நீ சாப்பிட்டுப் பாரு

கண்ணு,

போன வாரம் போன்ல நீ கேட்டப்ப எனக்கு சட்டுன்னு பதில் சொல்லத் தெரியல, மாட்டுப்பால் ஒத்துக்காத பாப்பாவுக்கு செம்மறி ஆட்டுப்பால் தயிர் குடுக்கலாமாப்பா, ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அது லேசானது ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றாங்கன்னு கேட்ட, நான் விசாரிச்சுட்டுச் சொல்றேன்னு போன வெச்சுட்டேன். விசாரிச்சாச்சும்மா. குடுக்காத. மத்ததெல்லாம் அப்புறம், இத முதல்ல மனசுல வாங்கிக்கோ.

பாப்பாவுக்கு இருக்கறது பால் புரோட்டீன் அலர்ஜி. மாட்டுப்பால்ல இருக்கற கேசீன்ங்கற புரோட்டீனும் செம்மறிப்பால்ல இருக்கற கேசீனும் அண்ணன் தம்பி மாதிரி, ரொம்ப ஒத்துப் போகும், பாப்பா உடம்புக்கு ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. மாட்டுப்பால் அலர்ஜி இருக்கற குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வெள்ளாட்டுப்பாலும் சேராது செம்மறிப்பாலும் சேராது. உன் ஃப்ரெண்ட்ஸ் மனசுல வெச்சுப் பேசறது லாக்டோஸ், அதாவது பால்ல இருக்கற சர்க்கரை விஷயமா இருக்கும், அது வேற இது வேற. லாக்டோஸ் ஜீரணம் ஆகாதவங்களுக்கு வயிறு உப்பும், அவங்க தயிரா சாப்பிட்டா கொஞ்சம் தாங்கும், ஏன்னா உறையும்போதே பாக்டீரியா அதுல ஒரு பங்க தின்னுடும். அதுக்காக செம்மறிப்பால்ல லாக்டோஸ் கம்மின்னு நினைக்காத, கிட்டத்தட்ட மாட்டுப்பால் அளவுதான். போன தடவ பாப்பாவுக்கு உதடு வீங்கி நீ அழுதுகிட்டே போன் பண்ணினது இன்னும் என் காதுல இருக்கு. டாக்டர் பக்கத்துல இருந்து டெஸ்ட் பண்ணி சரின்னு சொன்னா அப்பப் பாக்கலாம், வீட்டுல ஒரு ஸ்பூன் குடுத்துப் பாக்கலாம்னு மட்டும் நினைக்காதடா.

இத விசாரிக்கப் போன எடத்துலதான் நான் செம்மறித் தயிர சாப்பிட்டேன். சொந்தமா ஆடு வளத்து, அவரே கறந்து, அவரே கண்ணாடி பாட்டில்ல உறைய வெச்சுக் குடுக்கறவர். ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த உடனே வாயில வெச்சப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல, வெறும் ஜில்லுன்னு இருந்துச்சு. அவர் ஒரு இருவது நிமிஷம் வெளிய இருக்கட்டும்னாரு. அப்புறம் சாப்பிட்டேன் பாரு, அது வேற தயிர்!

மொதல்ல நிறம். மாட்டுத்தயிர்ல லேசா ஒரு மஞ்சள் இருக்கும்ல, இது பளிச்சுனு வெள்ளை, மாட்டுப்பால் கொழுப்புல இருக்கற, மஞ்சள் நிறம் குடுக்கற பீட்டா கரோட்டின் இதுல கிடையாது. மேல மெல்லிசா ஒரு ஏடு. அதுல ஸ்பூன இறக்கினா சுவர் மாதிரி நேரா வெட்டுப்பட்டு நிக்குது, வெட்டின பள்ளத்துல ரெண்டு சொட்டுத் தண்ணி மட்டும் பச்சையும் மஞ்சளுமா ஊறி நிக்குது. பால் பவுடர் போட்டீங்களா, துணியில கட்டி வடிச்சீங்களான்னு கேட்டேன், எதுவும் இல்லையாம். நூறு கிராம் செம்மறிப்பால்ல கொழுப்பு சுமார் 7 கிராம், புரோட்டீன் 5.5 கிராம்கிட்ட இருக்கு, மாட்டுப்பால்ல கொழுப்பு 4 கூட வராது புரோட்டீன் 3.3 தான், அதனால பாலே கெட்டி, உறைஞ்சா தானா நிக்குது. வாயில வெச்சா முதல்ல ஒரு இனிப்பு, அதுக்குள்ள கொழுப்பு நாக்கு முழுக்கப் பரவிடுது, புளிப்பு அதுக்கப்புறம் மெதுவா பின்னாடி வருது, முழுங்கினப்புறம் பருப்ப வறுத்த மாதிரி ஒரு வாசனை நிக்குது. வெள்ளாட்டுப்பால்ல அடிக்கற அந்த வீச்சம் வரும்னு பயந்துகிட்டே போனேன், வரவே இல்ல.

கிரீஸ்ல இப்படி ஏடு கட்டின செம்மறித் தயிர மண்சட்டியில உறைய வெச்சு விக்கறாங்களாம், பல்கேரியாவுலயும் இது பழசு. பாட்டில் மேல லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ்னு போட்டிருந்துச்சு, அந்த பாக்டீரியாவ 1905ல தயிர்லேருந்து கண்டுபிடிச்சவர் ஸ்டாமென் கிரிகோரோவ்னு ஒரு பல்கேரிய டாக்டர், அந்த நாட்டுப் பேரையே அதுக்கு வெச்சுட்டாங்க.

அடுத்து அவர் குடுத்த ஃப்ரோஸன் யோகர்ட், அதே தயிர சர்க்கரை போட்டு ஐஸ்கிரீம் மாதிரி உறைய வெச்சது. இதுல எனக்குக் கொஞ்சம் குறை உண்டு. குளிர்ல நாக்குக்கு இனிப்பு சரியா தெரியாது, அதோட சர்க்கரை இல்லாட்டி கல்லு மாதிரி இறுகிடும், அதனால நிறைய சர்க்கரை போட வேண்டியிருக்கு, அந்த சர்க்கரையில தயிரோட பின்வாசனை எல்லாம் அமுங்கிப் போயிடுது. ஆனா ஒண்ணு சொல்லணும், மாட்டுத்தயிர்ல பண்ணினதுல பல்லுல நறநறன்னு ஐஸ் மாட்டும்ல, இதுல அது இல்லவே இல்ல, பால்லயே தண்ணி கம்மிங்கறதால ஐஸ் பெருசா வளர எடம் இல்ல. கிண்ணத்துல உருகினப்பவும் தண்ணியா ஓடாம க்ரீம் மாதிரி தேங்கி நின்னுச்சு, அந்த உருகின ஓரத்த நக்கிச் சாப்பிட்டதுதான் அதுல ருசி. சர்க்கரைய இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணலாம்னு அவர்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன், அவர் தலையாட்டினார். கறவை நிக்கற மாசங்களுக்கு இவங்க பாலையே ஃப்ரீஸ் பண்ணி வெச்சுக்கறாங்களாம், செம்மறிப்பால் அதுக்குத் தாங்குமாம்.

உனக்கு அங்க கிடைச்சா வாங்கிச் சாப்பிடு. தேனும் பழமும் போட்டது வேணாம், வெறும் தயிரா வாங்கு, வெளிய கொஞ்ச நேரம் வெச்சுட்டுச் சாப்பிடு. நீ சரியா சாப்பிடறது இல்லன்னு மாப்பிள்ளை சொன்னாரு, இது நாலு ஸ்பூன் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும். ஆனா பாப்பா தூங்கினப்புறம் சாப்பிடு, கிண்ணத்தையும் ஸ்பூனையும் சோப்பு போட்டுக் கழுவி வெச்சுடு, அவளுக்கு முத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி வாயக் கழுவிக்கோ, உதட்டுல ஒட்டினது கூட அவளுக்குப் பட வேணாம். அவ கேட்டா பெருசானதும் சாப்பிடலாம்னு சொல்லு, நிறைய குழந்தைங்களுக்கு வளர வளர இது தானா சரியாயிடும்னு டாக்டரே சொல்லியிருக்கார்ல.

அவர்கிட்ட அரை லிட்டர் பாலும் வாங்கிட்டு வந்தேன். அம்மா பொங்க விடாம 85 டிகிரி வரைக்கும் காய்ச்சி, 43க்கு ஆற வெச்சு, மிச்சம் இருந்த தயிர்லேருந்து ஒரு ஸ்பூன் உறை ஊத்தி மூடி வெச்சிருக்கா. நாலு மணி நேரம் ஆச்சு. அசைச்சா உறையாதுன்னு என்ன கிட்டயே விட மாட்டேங்கறா. திறந்ததும் போட்டோ எடுத்து அனுப்பறேன்.

அப்பா