பிகினி வேக்ஸிங்குக்குப் பிறகு: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பிகினி வேக்ஸிங் (தொடையிடுக்கிலும் அந்தரங்கப் பகுதியிலும் உள்ள முடியை மெழுகால் எடுப்பது) செய்துகொண்டு வீடு திரும்பியவர்கள் எங்களுக்கு எழுதுவது பெரும்பாலும் இரவில், வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகுதான். "சிவந்திருக்கிறது, பரவாயில்லையா?", "சின்னச் சின்னப் பருவாக வந்திருக்கிறது, எதைத் தடவலாம்?" என்று கேட்பார்கள். கூடவே, "இதையெல்லாம் கேட்பதற்கு மன்னியுங்கள்" என்றும் ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் எங்களை வருத்துகிறது. கையில் தடிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிவிடுகிறோம். தொடையிடுக்கில் எரிந்தால் வாயைத் திறக்காமல், அலமாரியில் கைக்குக் கிடைத்த களிம்பைப் பூசிக்கொள்கிறோம். எங்களிடம் வந்த தொல்லைகளில் பலவும் வேக்ஸிங்கால் வந்தவை அல்ல, அதற்குப் பிறகு பூசியவற்றால் வந்தவை. அதனால்தான் கூச்சத்தை ஒதுக்கிவைத்துவிட்டு விரிவாக எழுதுகிறோம்.

முதலில், அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். முடியை வேரோடு இழுக்கும்போது, தோலின் மேற்பரப்பில் உள்ள செல்களும் மெல்லிய அடுக்காக மெழுகில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. முடி இருந்த மயிர்க்கால்கள் காயம்பட்டு, காப்பில்லாமல் கிடக்கின்றன. அவற்றைச் சரிசெய்ய உடல் அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. சிவப்பும் சூடும் அதனால்தான். புள்ளி புள்ளியாகத் தடித்திருப்பதும் அதே காரணத்தால்தான். பெரும்பாலானவர்களுக்கு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் இது அடங்கிவிடும். முதல் முறை செய்துகொள்பவர்களுக்கும், மாதவிடாயை ஒட்டிய நாட்களில் வருபவர்களுக்கும் சற்றுக் கூடுதலாக எரியலாம்.

முதல் நாள் மாலை செய்ய வேண்டியது மிகக் குறைவு. சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து 10 நிமிடம் வைத்திருங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றாமல் நேரடியாக வைக்காதீர்கள். தளர்வான பருத்தி உள்ளாடை போதும். இரவில் அதுவும் இல்லாமல் தளர்வான உடையில் உறங்க முடிந்தால் இன்னும் நல்லது. குளிக்கும்போது சூடு இல்லாத நீர், வாசனை இல்லாத மென்மையான சோப். துவாலையால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கழிவறையில் எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள், இந்த இரண்டு நாட்களில் இது இன்னும் முக்கியம்.

"சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லி நாங்கள் அனுப்பிய காலம் ஒன்று உண்டு. அந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் போன ஒருவர், கிருமி நாசினித் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றிக் கழுவியிருக்கிறார். தோல் வெந்து, மூன்று நாள் சரியாக நடக்க முடியாமல் தவித்தார். அவர் எங்கள் சொல்லைக் கேட்டுத்தான் அப்படிச் செய்தார். தவறு எங்களுடையது. அன்றிலிருந்து எதைச் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புகிறோம். கிருமி நாசினி, வாசனைத் திரவியம், டியோடரன்ட், டால்கம் பவுடர், ஆல்கஹால் கலந்த எதுவும் அந்தத் தோலுக்கு வேண்டாம். தடவியே ஆக வேண்டும் என்றால் வாசனை சேர்க்காத கற்றாழை ஜெல் அல்லது வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், அதுவும் மெல்லிதாக, வெளித்தோலில் மட்டும். புதிதாக வாங்கியது என்றால் அங்கே பூசுவதற்கு முந்தின நாளே முன்கையின் உட்புறத்தில் தடவிப் பாருங்கள். கற்றாழையும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

முதல் 48 மணி நேரத்துக்கு வெந்நீர்க் குளியல், நீராவி அறை, நீச்சல்குளம், கடல் எதுவும் வேண்டாம். சரியாகப் பராமரிக்காத வெந்நீர்த் தொட்டிகளில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா பெருகும். அது மயிர்க்கால்களில் புகுந்து சீழ்க்கொப்புளங்களை உண்டாக்கக்கூடியது. சைக்கிள், ஓட்டம், ஜிம் ஆகியவற்றையும் தள்ளிப்போடுங்கள். வியர்வையும் உராய்வும் ஒன்றுசேர இந்த இடத்தைவிட வசதியான இடம் உடலில் இல்லை. இறுக்கமான ஜீன்ஸும் அப்படித்தான்.

உடலுறவுக்கும் இதே 48 மணி நேரம்தான். இதை வாய்விட்டுக் கேட்பவர்கள் மிகக் குறைவு, தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அனைவரும். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் வழியாகக் கிருமிகள் எளிதில் நுழையும். ஹெர்ப்பிஸ் (வலியோடு வரும் கொப்புளம்), மொலஸ்கம் (முத்துப் போன்ற சிறு பருக்கள்), ஹெச்.பி.வி. (மருக்களை உண்டாக்கும் வைரஸ்) போன்றவை தோலோடு தோல் உரசுவதாலேயே பரவுபவை. ஆணுறை மூடாத இடங்களில் ஆணுறை காப்பாற்றாது.

இனி உள்நோக்கி வளரும் முடி. எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். புதிதாக முளைக்கும் முடி மெல்லியதாக இருக்கும். மேலே இறந்த செல்கள் மூடியிருந்தால் அது வெளியே வர முடியாமல் தோலுக்கு அடியிலேயே வளைந்து ஓடுகிறது. உடல் அதை ஓர் அந்நியப் பொருளாகக் கருதிச் சண்டைக்கு நிற்க, வலியோடு ஒரு கட்டி எழுகிறது. சுருள் முடிக்காரர்களுக்கு இது அதிகம். முடியே வளைந்து வளைந்து வளர்வதால் தோலுக்குள் திரும்பிவிடுகிறது. இதைத் தவிர்க்க, 3 நாட்கள் கழிந்து எரிச்சல் முற்றிலும் அடங்கிய பிறகு, வாரத்துக்கு இரண்டு முறை மென்மையான துணியால் வட்டமாக, அழுத்தாமல் தேய்த்து இறந்த செல்களை நீக்குங்கள். கரடுமுரடான ஸ்க்ரப் வேண்டாம். இறந்த செல்களை இளக்கும் சாலிசிலிக் அமிலம் கலந்தவை சிலருக்கு உதவும், ஆனால் வெளித்தோலைத் தாண்டி உட்புறம் படவே கூடாது.

முடி உள்ளே சிக்கிக்கொண்டால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு மூன்று முறை வைத்துவாருங்கள். பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும். ஊசியோ நகமோ வேண்டாம், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறோம். தோண்டிய இடத்தில் கிருமி புகும், முடி மேலும் உள்ளே போகும், கடைசியில் வடு நிற்கும்.

வடுவைச் சொல்லும்போது கருமையையும் சொல்ல வேண்டும். மாநிறத் தோலும் கறுத்த தோலும் எந்த அழற்சிக்குப் பிறகும் நிறமிகளைக் கூடுதலாகச் சுரக்கும். ஒரு சாதாரணப் பருகூட மாதக்கணக்கில் நிற்கும் கரும்புள்ளியை விட்டுப்போகும். அது அழுக்கு அல்ல, நோயும் அல்ல, காலம் எடுத்துக்கொண்டு மெல்ல மங்கும். ஆனால் அதைக் கண்டு பயந்து வெண்மையாக்கும் கிரீம்களைத் தேடிப் போகும்போதுதான் உண்மையான கேடு தொடங்குகிறது. அவற்றில் சிலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) கலந்திருக்கிறது. மடிப்பில் இருக்கும் மெல்லிய தோல் அதை மற்ற இடங்களைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். சில வாரங்கள் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் காகிதம்போல மெலிந்து, என்றும் மறையாத கோடுகள் விழும். மருத்துவர் எழுதித் தராத எந்த வெண்மை கிரீமையும் அங்கே பூசாதீர்கள். தொடையிடுக்கு முகத்தைவிடக் கறுத்திருப்பது பலருக்கும் இயல்பு.

சில நேரம் மெழுகோடு மேல்தோல் சற்று அதிகமாக உரிந்து, ஈரமாக மின்னும் ஒரு திட்டு தெரியும். அதைக் காயமாகவே பாருங்கள். தண்ணீரில் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிதாகத் தடவி, உடை உராயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களிடமும் சொல்லுங்கள். மெழுகின் சூட்டிலோ இழுத்த விதத்திலோ நாங்கள் தவறியிருக்கலாம்.

சிவப்பு குறையாமல் பரவிக்கொண்டே போனால், தொட்டால் கொதித்தால், வலி நாளுக்கு நாள் கூடினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போங்கள். எங்களிடம் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. இவர்கள் வேக்ஸிங்குக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வருவது நல்லது. பருக்களுக்காக ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களும், அதை நிறுத்தி 6 மாதம் ஆகாதவர்களும் வேக்ஸிங் செய்துகொள்ளவே கூடாது. அந்த மருந்தால் பலவீனப்பட்டிருக்கும் தோல் மெழுகோடு உரிந்து வடுவாகலாம். ஹெர்ப்பிஸ் கொப்புளம் இருக்கும்போதும் வரவேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் கர்ப்பமாக இருப்பவர்களும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கள் தொழிலுக்கு எதிரானதுபோலத் தோன்றினாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. அங்கே முடி இருப்பது அசுத்தம் அல்ல. உராய்விலிருந்து தோலைக் காக்க அது உதவுகிறது. உங்களுக்குப் பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ முகம் சுளித்தார்கள் என்பதற்காக வலியைத் தாங்க வேண்டாம்.

அடுத்த முறைக்கு 4 முதல் 6 வாரம் இடைவெளி விடுங்கள். முடி சுமார் 6 மில்லிமீட்டர் வளர்ந்திருந்தால்தான் மெழுகு பிடிக்கும். நடுவில் ஷேவ் செய்துவிடாதீர்கள். இரண்டு வாரத்திலேயே அங்கங்கே முடி தெரிந்தால் கவலை வேண்டாம். எல்லா முடிகளும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. அன்று தோலுக்கு அடியில் இருந்தவை இப்போது தலைகாட்டுகின்றன.

சந்தேகம் வந்தால் எழுதுங்கள். படம் எடுத்து அனுப்ப வேண்டியதில்லை. எப்போது தொடங்கியது, பரவுகிறதா, சீழ் உண்டா, என்ன தடவினீர்கள் என்ற நான்கையும் சொன்னால் போதும். காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாகப் பதில் எழுதிவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் அழகு நிலையப் பணியாளர்கள்